நாய்மேட்டில் உயிரோடு ஒரு நாய்

எங்கள் ஊருக்குப் பெயரே நாய்மேடு. அந்த மேடு கணவாய்ப் பாதை ஏறத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. புல் மூடிய சின்ன மண்குவியல், அதற்கு முன்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். உள்ளே கிடக்கும் நாயின் கதையை எங்கள் ஊர்க் குழந்தைகள் பால்குடி மறப்பதற்கு முன்பே கேட்டுவிடுவார்கள். சந்தைக்குப் போன ஒருவன் மூக்குமுட்டக் குடித்துவிட்டு, திரும்பும் வழியில் காய்ந்த புல்லில் விழுந்து தூங்கினான். புல்லில் தீப்பிடித்தது. கூட வந்த நாய் குரைத்துப் பார்த்தது, சட்டையைக் கடித்து இழுத்துப் பார்த்தது. அவன் அசையவில்லை. நாய் ஓடைக்கு ஓடி உடம்பை நனைத்துக்கொண்டு வந்து அவனைச் சுற்றியிருந்த புல்லில் புரண்டது. மறுபடி ஓடியது, மறுபடி புரண்டது. அவன் கண்விழித்தபோது சுற்றிலும் ஒரே கரி. அவன் கிடந்த இடம் மட்டும் ஈரமாக இருந்தது. பக்கத்தில் நாய் செத்துக் கிடந்தது.

மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலும் இதே கதையைத் தங்கள் ஊர் நாய் என்று சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது கலப்படம், எங்களுடையதுதான் அசல் என்று நாங்கள் அடித்துப் பேசுவோம். எனக்கோ அந்த நாயைவிடக் குடிகாரன் மேல்தான் எப்போதும் கண். அரிசிக் கள் விற்றே தலை நரைத்தவள் நான். சம்வோல் கடை என்றால் கணவாய்க்கு இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அவனைப் போன்றவர்களுக்குத்தான் தினமும் கிண்ணம் நிரப்புகிறேன். அழுது புரண்டு நாய்க்கு மேடு கட்டியதும் அவன் கதையில் நல்லவனாகிவிடுகிறான். அடுத்த சந்தைக்கு அவன் குடிக்காமல் திரும்பினானா என்று ஒருவரும் கேட்பதில்லை.

நான் சொல்ல வந்தது வேறு ஒரு நாயைப் பற்றி. அதன் பெயர் மேரி. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பாதி நாய்களுக்கு மேரி என்றுதான் பெயர், ஆணா பெண்ணா என்று யாரும் பார்ப்பதில்லை. இது ஆண். மஞ்சள் நிறம், ஒரு காது மடங்கியிருக்கும், இடி இடித்தால் அடுப்புக்குள் புகுந்துகொள்ளும். திருடன் வந்தால் அவன் கையை நக்கும். வளர்த்தவள் பில்லே. பிறந்த ஊர் கல்பள்ளம் என்பதால் ஊருக்குள் அவளைக் கல்பள்ளத்துக்காரி என்பார்கள். புருஷன் நுரையீரல் கெட்டுச் செத்த பிறகு சோயாப் பாலைக் கட்டியாக்கி டோஃபு செய்து பிழைத்தாள். விடியும் முன்பே சோயாவை அரைத்து, காய்ச்சி, கல் வைத்து அழுத்தி, சும்மாட்டின் மேல் பலகையை ஏற்றிக்கொண்டு கணவாய் தாண்டிச் சந்தைக்குப் போவாள். பிழிந்த சக்கை மேரிக்கு. அது அவளுக்கு முன்னால் கொஞ்ச தூரம் ஓடும், பிறகு நின்று திரும்பிப் பார்க்கும், அவள் வந்து சேர்ந்ததும் மறுபடி ஓடும். அது செய்த ஒரே வேலை இதுதான்.

இனி முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோடையில் எங்களுக்கு மூன்று சூட்டு நாட்கள் உண்டு. முதல் சூடு, நடுச் சூடு, கடைச் சூடு. வயல் வேலையில் ஓய்ந்துபோன உடம்பில் தெம்பு ஏற அன்று நாய்க்கறிக் குழம்பு வைத்து ஊர் கூடிச் சாப்பிடும். இதை எந்த மேட்டுக் கதையும் தடுத்ததில்லை. மேட்டுக்கு முன்னால் குனிந்து கும்பிட்டுவிட்டு நேராக வந்து குழம்பில் உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால், அது வேறு நாய், இது வேறு நாய் என்பார்கள். வருஷத்துக்கு ஒரு வீடு, வரிசைப்படி, ஒரு நாயைத் தர வேண்டும். யாரும் எழுதி வைத்ததில்லை, யாருக்கும் மறந்ததும் இல்லை. இரண்டாவது வருஷமாக வானம் பொய்த்த அந்தக் கோடையில் முறை பில்லே வீட்டுக்கு வந்தது.

முதல் சூட்டுக்குச் சில நாட்கள் முன்பு ஆண்கள் என் கடைப் படலின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ஊர்த்தலைவர் தல்சு, பெரியவர் யோம், மான்ஷிக் அண்ணன், இன்னும் இரண்டொருவர். சந்தையிலிருந்து திரும்பிய பில்லே வெறும் பலகையோடு அந்த வழியாக வந்தாள். பின்னால் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு மேரி.

தல்சு சிரித்த முகமாகத்தான் ஆரம்பித்தார். "என்னம்மா, சக்கை போட்டு நல்லாத்தான் வளத்திருக்க. இந்த வருஷம் குழம்பு கெட்டியா இருக்கும்போல."

"இதைத் தர மாட்டேன் தலைவரே," என்றாள் பில்லே. பலகையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "கோழி தர்றேன். எத்தனை வேணுமோ வாங்கித் தர்றேன். டோஃபு பலகை பலகையா தர்றேன்."

"கோழிய கேட்டமா?"

"நான் தர்றதைச் சொன்னேன்."

எல்லோரும் மான்ஷிக் அண்ணனைப் பார்த்தார்கள். ஊரில் எது ஒழுங்கு, எது ஒழுங்கில்லை என்று வரும்போது அவர் பக்கம்தான் பார்ப்பார்கள். பேச்சு குறைவு, வயலில் கோடு பிடித்தாற்போல நாற்று நடுகிறவர். கடைக்கு வந்தால் ஒரு கிண்ணம், அதற்கு மேல் குடிக்க மாட்டார். என் மாதிரி வியாபாரிக்கு அப்படிப்பட்ட ஆளால் லாபமில்லை, ஆனாலும் மரியாதை உண்டு.

"உன் வீட்டுக்காரன் இருந்தப்ப என் முறை வந்துச்சு. நான் கொடுத்தேன். அவன் வந்து சாப்பிட்டான்," என்றார் அவர். "முறைன்னா முறை, பில்லே."

"தெரியும் அண்ணே."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

இவ்வளவுதான். அழவில்லை, கெஞ்சவில்லை. பலகையைத் தலையில் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். மேரி மட்டும் கொஞ்சம் தயங்கி, பெரியவர் யோமின் கையிலிருந்த கருவாட்டுத் துண்டைப் பார்த்துவிட்டு அவள் பின்னால் ஓடியது. எனக்கு அவள் மேல்தான் எரிச்சல் வந்தது. ஊரோடு ஒட்டிப் போனால்தானே ஒற்றை மனுஷியால் பிழைக்க முடியும். அன்று சாயங்காலமே போய்த் திட்டினேன்.

"ஒரு நாய்க்காக ஊரையே பகைச்சுக்கிறியாடி. நாளைக்கு உன் கூரைல ஓட்டை விழுந்தா எவன் ஏறுவான்?"

"நானே ஏறுவேன் அக்கா," என்று சோயாவைக் களைந்துகொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: "மழைப் பூசை இன்னும் போடலியே, ஏன்?"

எனக்கு அவள் புத்தி எங்கே ஓடுகிறது என்று உடனே புரிந்துவிட்டது. மழை பொய்த்தால் எங்கள் ஊர் மேட்டு நாய்க்குத்தான் பூசை போடும். தன் உடம்பில் தண்ணீர் சுமந்த நாய் அல்லவா, வானத்திடம் தண்ணீர் கேட்க அதைவிட யோக்கியமான தூதன் கிடையாது என்பது முன்னோர் கணக்கு. பூசை பேசி முடித்த நாளிலிருந்து அது நடந்து முடியும் வரை ஊருக்குள் நாய்க்கறி அடுப்பேறக் கூடாது. பூசைக்கு நிற்பவர் வீட்டு வாசலில் இடது கையால் முறுக்கிய வைக்கோல் கயிறு கட்டி, செம்மண் கொட்டி வைப்பார்கள். தீட்டோடு யாரும் அந்தக் கயிற்றைத் தாண்ட மாட்டார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்கும் அதே கயிறுதான்.

மறுநாள் கடையில் கூட்டம் சேர்ந்த நேரமாகப் பார்த்து பில்லே வந்தாள். எனக்கு டோஃபு கொடுக்க வந்தவள் போல நின்று, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள். "அக்கா, கீழ்வயல்ல பயிர் வைக்கோலாட்டம் ஆயிடுச்சு. அக்கம்பக்கத்து ஊர்ல எல்லாம் பூசை போட்டாச்சாம். நம்ம ஊர்லதான் மேடே இருக்கு, நாமதான் போடல. சந்தைல கேக்கறாங்க, என்ன சொல்றதுன்னு தெரியல."

சந்தையில் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அயலூரார் கேட்டார்கள் என்றதும் தல்சுவின் காது சிவந்துவிட்டது. அன்றைக்கே பேசி முடித்தார்கள். பூசைக்கு நிற்பவராக மான்ஷிக் அண்ணனைத் தேர்ந்தெடுத்தார்கள். வேறு யாருக்கும் அத்தனை சுத்தமாக இருக்கிற பொறுமை கிடையாது. அவர் வாசலில் கயிறு ஏறியது. கறி இல்லை, கள் இல்லை, காலையும் மாலையும் குளிர்ந்த நீரில் குளியல். முதல் சூடு வந்தது. எங்கள் ஊரில் எந்த அடுப்பிலும் நாய்க்கறி வாசனை இல்லை, அவ்வளவு சுத்தம். குழம்பு இல்லாமல் கிம்ச்சி ஊறுகாயையும் பார்லிச் சோற்றையும் தின்றுவிட்டு ஆண்கள் முணுமுணுத்தார்கள். அந்த வாரம் என் கடையிலும் குடிக்க ஆளில்லாமல் பானை பானையாகக் கள் புளித்தது. அந்த நஷ்டத்துக்கு பில்லேயைத் திட்டினேன், அவள் கேட்டுக்கொண்டாள்.

பூசை நன்றாகத்தான் நடந்தது. மான்ஷிக் அண்ணன் வெள்ளை உடையில் மேட்டுக்கு முன்னால் கிண்ணம் ஊற்றிக் குனிந்து, நெற்றி மண்ணில் பட வெகுநேரம் கிடந்தார். அவர் கீழ்வயல்தான் ஊரிலேயே முதலில் வெடித்த வயல். அவர் மேட்டைக் கும்பிட்டது கடனுக்காக இல்லை என்று எனக்குத் தோன்றியது.

மழை வரவில்லை. நடுச் சூடு நெருங்கியது. காலையில் மேகம் வந்து, மலைத் தலையில் உட்கார்ந்து, மத்தியானத்துக்குள் கலைந்துவிடும். பில்லே சந்தையிலிருந்து திரும்பியதும் கீழே ஆற்றுக்குப் போவாள். ஆற்றில் அப்போது கணுக்கால் அளவு தண்ணீர்தான். பானையில் மொண்டு தலையில் வைத்து மான்ஷிக் அண்ணனின் கீழ்வயலுக்குக் கொண்டுவந்து நாற்றின் அடியில் ஊற்றுவாள். மறுபடி போவாள். மேரி வரப்பு மரத்தின் நிழலில் படுத்து அவள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் மான்ஷிக் அண்ணன் வரப்பில் நின்று சொன்னார்:

"நீ தண்ணி ஊத்தறதால முறை கழிஞ்சிடாது."

"கழியணும்னு ஊத்தல அண்ணே. காயுது, ஊத்தறேன்."

அவர் தானும் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினார். இருவரும் ஒரே பாதையில் எதிரெதிரே நடந்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஊற்றியதை அந்த வயல் ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னும் வெடித்தது.

பெரியவர் யோம்தான் நாகமடுவை ஞாபகப்படுத்தினார். மலை இடுக்கில் மழைநாகம் இருப்பதாகச் சொல்லும் மடு அது. பூசை பலிக்காவிட்டால் பழைய காலத்தில் இன்னொரு வழி உண்டு. மடுவின் நடுவில் நிற்கும் பாறையில் நாயின் ரத்தத்தைப் பூசுவார்கள். நாகத்துக்கு அருவருப்பு தாங்காது. பாறையைக் கழுவிக்கொள்வதற்காகவாவது மழையைக் கொட்டும்.

"கேட்டுக் கேட்டுப் பாத்தோம், தரல," என்றார் பெரியவர். "இனி கோவப்படுத்தித்தான் வாங்கணும்."

"யார் வீட்டு நாய்?" என்று ஒருவன் கேட்டான்.

கேட்டிருக்கவே வேண்டாம். முறை எங்கே நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ரத்தம் பாறைக்கு, மிச்சம் நடுச் சூட்டுக் குழம்புக்கு. ஒரு நாயை வைத்து இரண்டு காரியம் முடியும் என்று தல்சுவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மான்ஷிக் அண்ணன்தான் பூசைக்கு நின்றவர், ஆகவே பாறையில் பூச வேண்டியதும் அவர் கைதான். அவர் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துபோனார்.

நான் அடுப்பை அணைக்காமலே பில்லே வீட்டுக்கு ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். "மேரியைக் கூட்டிக்கிட்டுக் கல்பள்ளத்துக்குப் போயிடு. உங்க அண்ணன் வீட்டுல விட்டுட்டு வா. கொஞ்ச நாள்ல ஊருக்கு எல்லாம் மறந்துடும்."

"போகல அக்கா."

"ஏன்டி?"

"ஓடினா தப்பு பண்ணினவ மாதிரி ஆயிடும். நான் தப்பு பண்ணல." பிறகு கூரை மூலையிலிருந்து ஒரு கட்டு வைக்கோலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இடது பக்கமாக முறுக்கத் தொடங்கினாள்.

மறுநாள் காலை ஆண்கள் வந்தார்கள். பெரியவர் யோமின் ஒரு கையில் சுருட்டிய கயிறு, மறு கையில் அருவாள். நான் பில்லேயின் முற்றத்தில் சமையலறைச் சுவரோரமாக நின்றிருந்தேன். வாசலுக்குக் குறுக்கே இடுப்பளவு உயரத்தில் வைக்கோல் கயிறு கட்டியிருந்தது. இரண்டு பக்கமும் குத்துக் குத்தாகச் செம்மண். வந்தவர்கள் அதற்கு ஒரு அடி முன்னாலேயே நின்றுவிட்டார்கள். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தையும் போரையும் பார்த்த ஆண்கள். அவர்களில் ஒருவன் தோட்டா பாய்ந்த தொடையோடு மலை இறங்கி வந்தவன். அத்தனை பேரையும் ஒரு பிடி வைக்கோல் நிறுத்திவிட்டது. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"இது என்ன கூத்து," என்றார் தல்சு. "இந்த வீட்டுல யாரு பிள்ளை பெத்திருக்கா?"

பில்லே கயிற்றுக்கு உள்பக்கம் வந்து நின்றாள். வெள்ளைச் சட்டையும் பாவாடையும் துவைத்து உடுத்தியிருந்தாள். "யாரும் பெறல. பூசைக்கு நிக்கறேன்."

"எந்தப் பூசைக்கு?"

"என் வீட்டுப் பூசைக்கு. குளிச்சுட்டேன், கறி தொடல, சுத்தமா இருக்கேன். தாண்டறவங்க தாண்டுங்க."

"பொம்பளை பூசைக்கு நிக்கறதா?" என்றார் பெரியவர் யோம்.

"கயிறு தப்புன்னா அறுத்துடுங்க பெரியப்பா. உங்க கைல அருவா இருக்கு."

அருவாள் இருந்தது. அதைப் பிடித்திருந்த கை அசையவில்லை. தப்பான கயிறுதான் என்று நினைத்தாலும், ஒருவேளை சரியான கயிறாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். மழைக்காகப் போகிற காரியத்தில் தீட்டு ஒட்டினால் ஊரே கரித்துக்கொட்டும். தல்சு குரலை மாற்றிக்கொண்டார்.

"இதைக் கேளு பில்லே. நான் யோசிச்சுத்தான் வந்திருக்கேன். மேட்டு நாய் எஜமானனுக்காக உயிரைக் கொடுத்துச்சு. இது ஊருக்காகக் கொடுக்கட்டும். அதுக்குப் பக்கத்துலயே இதுக்கும் ஒரு மேடு போடுவோம். கல்லு வெப்போம். பேரு வெட்டுவோம். உன் பேரையும் சேத்து."

"எனக்கு மேடு வேணாம் தலைவரே," என்றாள் பில்லே. "நாய் வேணும்."

ஒருவன் பின்னாலிருந்து சிரித்தான். அவள் தொடர்ந்தாள். "அந்த நாயை யாரும் கயித்துல கட்டி ஓடைக்கு இழுத்துட்டுப் போகல. அதுவா ஓடிச்சு. இழுத்துட்டுப் போயிருந்தா கதையே கிடையாது, கும்பிட மேடும் கிடையாது. நீங்க சொல்றது வேற காரியம். அதை அந்த நாய் பேருல சொல்லாதீங்க."

"அப்படி இது உனக்கு என்னதான் பண்ணிடுச்சு? அதையாவது சொல்லு, கேக்கறோம். தீயை அணைச்சுச்சா? புலியை விரட்டுச்சா?"

"ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணுமே பண்ணலியா?"

"என் வீட்டுக்காரர் செத்துப்போன வருஷம் குளிர்ல, சந்தைலேருந்து வரும்போது கணவாய் மேல உக்காந்தேன். பனி கொட்டுச்சு. எழுந்திரிக்கணும்னு தோணல. வீட்டுல யாரு இருக்கா, எதுக்குப் போகணும்னு உக்காந்துட்டேன். இது என் முன்னாடி நின்னு ஊளையிட்டுச்சு. காப்பாத்தறதுக்கு இல்ல. அதுக்குப் பசி. சக்கை வெக்கற நேரமாச்சு, நான் உக்காந்திருக்கேன், அதுக்குப் பொறுக்கல. சனியனே, இருடான்னு திட்டிட்டு எழுந்தேன். எழுந்ததால வீடு வந்து சேந்தேன். அவ்வளவுதான். அது எனக்காக எதுவும் கொடுக்கல. என்னை விட்டா அதுக்குச் சோறு போட ஆளில்ல, அதனால இருக்கேன்."

இதை அவள் என்னிடம்கூடச் சொன்னதில்லை. அந்தக் குளிரில் அவள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிப் படுத்திருந்தவள் நான்.

அந்த நேரம் பார்த்து மேரி சமையலறையிலிருந்து வெளியே வந்தது. சோம்பல் முறித்தது, கொட்டாவி விட்டது. பெரியவர் யோமின் கையிலிருந்த கயிற்றைப் பார்த்ததும் அதன் காது நிமிர்ந்தது. எங்கோ நடக்கப் போகிறோம் என்று முடிவு கட்டிவிட்டது. வைக்கோல் கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஆண்களின் நடுவில் போய் நின்று, உடம்பே ஆடும்படி வாலை ஆட்டியது. பில்லேயின் முகம் வெளுத்தது. தாண்டத் துணியாதவர்களின் காலடியில் தானாகவே போய் நிற்கிறது மூதேவி. ஒருவன் குனிந்து அதன் கழுத்தைப் பிடித்தான்.

"விடு," என்றார் மான்ஷிக் அண்ணன்.

அதுவரை அவர் எல்லோருக்கும் பின்னால் நின்றிருந்தார். முன்னால் வந்தார். அவர் கண் நாயின் வாலிலேயே இருந்தது.

"என்னோடதும் இப்படித்தான் ஆட்டிச்சு," என்றார். "கயித்தைக் காட்டினதும் எனக்கு முன்னாடி ஓடிச்சு. ஆத்தங்கரை வரைக்கும் முன்னாடியே ஓடிச்சு. திரும்பித் திரும்பிப் பாத்துச்சு, நான் வர்றேனான்னு." பிறகு பில்லேயின் பக்கம் திரும்பினார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். "நான் கொடுத்தேன். முறைன்னு கொடுத்தேன். எனக்கு மட்டும் மனசு இல்லையா? நீ இன்னிக்கு மாட்டேன்னு சொல்லி, அது நடந்துடுச்சுன்னா, அன்னிக்கு நான் எதுக்குக் கொடுத்தேன்? மாட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்னா, நான் எதுக்குக் கொடுத்தேன், சொல்லு."

பில்லே சமாதானமாக ஏதாவது சொல்லுவாள் என்று நினைத்தேன், ஊர் வழக்கம் அண்ணே, உங்க மேல என்ன தப்பு என்று. நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

பில்லே சொன்னாள்: "கொடுத்திருக்கக் கூடாது அண்ணே. நானும் வாங்கித் தின்னிருக்கக் கூடாது."

அவள் குரலில் குத்தலும் இல்லை, குழைவும் இல்லை. மான்ஷிக் அண்ணன் கன்னத்தில் அறை வாங்கியவர்போல நின்றார். பிறகு அப்படியே வாசலில், செம்மண் பக்கத்தில், குந்தி உட்கார்ந்துவிட்டார். மேரி அவர் முழங்காலை மோந்து பார்த்தது. அதன் தலைமேல் கையை வைத்தார், எடுக்கவில்லை.

"ஹேப்பி," என்றார். எதற்குச் சொல்கிறார் என்று யாருக்கும் புரியவில்லை. "என்னோடதுக்குப் பேரு ஹேப்பி. நான்தான் வெச்சேன்."

தல்சு இருமினார். "அண்ணே, வெயில் ஏறுது. மடுவுக்கு ஏறணும்."

"நான் வரல."

"நீங்க பூசாம யாரு பூசறது?"

"என் கை சுத்தமில்ல," என்றார் மான்ஷிக் அண்ணன், நாயின் தலையைப் பார்த்தபடியே. "வேற ஆளைப் பாருங்க. ஆனா இந்த வாசல்ல இப்ப நான் உக்காந்திருக்கேன்."

வேறு ஆள் யார் இருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் யோம் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு முதலில் திரும்பினார். மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

மழை பெய்யவில்லை. பெய்தது என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும், ஆனால் பெய்யவில்லை. கடைச் சூடு போய் நெடுநாள் கழித்து, யாருக்கும் பிரயோஜனமில்லாத நேரத்தில் நாலு தூறல் விழுந்தது. அந்த நாய்தான் மழையைத் தின்றது என்று சிலர் பேசினார்கள். பில்லேயிடம் டோஃபு வாங்குவதை நிறுத்தினார்கள். அவள் அதையும் சேர்த்துக் கணவாய்க்கு அப்பால் கொண்டுபோய் விற்றாள். மான்ஷிக் அண்ணனின் கீழ்வயல் முழுக்கக் கருகியது. இரண்டு பேரும் கடைசி நாள் வரை தண்ணீர் சுமந்தார்கள்.

அடுத்த கோடை நல்ல மழை. முதல் சூட்டுக்கு முன்பு அதே படல் நிழலில் அதே ஆண்கள் கூடினார்கள். வயிறும் மனமும் நிறைந்திருந்ததால் பழையதைக் கிளறாமல் தல்சு பெருந்தன்மையாகப் பேசினார். "கல்பள்ளத்துக்காரி போன வருஷம் தரல. போகட்டும், அவளை விட்டுடுவோம். அடுத்த முறை கப்தொக் வீடு. என்னடா கப்தொக், சரிதானே?"

கப்தொக் தலையைச் சொறிந்தான். அவன் வீட்டு நாயை அவன் சின்ன மகள் முதுகில் கட்டிக்கொண்டு திரிவது ஊருக்கே தெரியும்.

"கப்தொக் வீடு இல்ல," என்றார் மான்ஷிக் அண்ணன். ஒரு கிண்ணம் குடித்து முடித்திருந்தார்.

"அப்புறம் யார் வீடு?"

"பில்லே வீடு. அவ முறை இன்னும் முடியல. ஒரு வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனதா நம்ம ஊர்ல வழக்கம் உண்டா? யோம் பெரியப்பா, நீங்க பாத்திருக்கீங்களா?"

பெரியவர் யோம் யோசித்தார். "இல்ல. தாண்டினது இல்ல."

"அப்ப அவ கொடுக்கட்டும். கொடுத்த பிறகு கப்தொக்கைக் கேளுங்க."

"அவ கொடுக்க மாட்டாளே."

"மாட்டா," என்றார் மான்ஷிக் அண்ணன்.

ஆண்களுக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கப்தொக்குக்கு முதலில் விளங்கியது. அவன் தன் கிண்ணத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான். நான் அடுப்பு வேலையை விட்டுவிட்டு வாசலுக்கே வந்து நின்றேன்.

"என்ன அண்ணே இது," என்று தல்சு எரிந்து விழுந்தார். "அப்ப எத்தனை வருஷத்துக்கு முறை அந்த வாசல்லயே நிக்கும்?"

"அவ இருக்கற வரைக்கும் நிக்கும்."

"அவளுக்கு அப்புறம்?"

"அவளுக்கு அப்புறம் நான் போய் அந்த வாசல்ல நிப்பேன்," என்று சொல்லிவிட்டு, என்னிடம் கிண்ணத்தை நீட்டினார். "இன்னொண்ணு ஊத்து, சம்வோல்."